ஐந்து மணிச் சங்கு

மாலை சரியாக ஐந்து மணிக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. கடிகாரம் பார்த்துச் சொல்லவில்லை. காசிமேட்டில் அந்த மீனவர் வீட்டில் கடிகாரம் கிடையாது. தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. யோசனை சொல்ல வந்திருந்தவரின் கை வழக்கம்போல, கழற்றி மடியில் வைத்திருந்த சட்டையின் பைக்குப் போனது. காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டு, எதிரே இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அதுவரை அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், தலையாட்டுவதை நிறுத்தினார்.

அன்று நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். அவர் மனைவிக்குப் பிடிக்காமல் போகலாம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளிக் குடியிருந்தார். துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் யந்திரம் அது. முப்பது வயதைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, வேலை போய், கடைசியில் இருதயத்தில் ஆபரேஷன் ஆனது. இருதயத்தைத் தொட்டு வைத்தியம் செய்வது நம் ஊரில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. செய்துகொண்டு பிழைத்தவர் ஒருவரைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஆள் இல்லாத காலம். அவர் தன்னையே எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அவரை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அதுதான்.

எங்களுக்கும் அப்படித்தான் காட்டினார்.

என் மகள் சரசுவுக்குச் சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. அது நெஞ்சுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ராயபுரம் பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ போம்மா, நான் வரேன்" என்பாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நிதானமாகச் சொன்னார்: இருதயத்துக்குள் ரத்தம் போகும் கதவு ஒன்று குறுகிவிட்டது, விலாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, அந்தக் கதவை அகலப்படுத்த வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இருதயத்தின் படம் போட்டுக் காட்டுகிறவள். அந்தப் படத்துக்குள் ஒரு மனிதர் விரலை விடுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

வராந்தா பெஞ்சில் நானும் என் கணவரும் சரசுவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த விஞ்ச்காரர் தன் பரிசோதனைக்காக வந்திருந்தார் போலிருக்கிறது. ஒல்லியான மனிதர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கா?" என்றார்.

என் கணவர் தலையசைத்தார். உடனே அவர் எழுந்து, திரும்பி நின்று, சட்டையைத் தோள் வரைக்கும் தூக்கிவிட்டார்.

"பொம்பளைங்க இருக்கிற இடத்துல என்னய்யா இது?" என்றார் என் கணவர்.

"கோச்சுக்காத நைனா. காதால கேட்டா நீ நம்பமாட்ட. கண்ணால பாத்துக்கோ."

இடது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றி, முதுகில் தோள்பட்டை எலும்பு வரை ஓடியது அந்தத் தழும்பு. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள்.

"இன்னா பாக்குற? ரெயில் ரோடு. ராயபுரத்துல ஏறுனா எண்ணூர்லதான் எறங்கணும்." கீழே தனியாக ஒரு வட்டத் தழும்பு இருந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு நீர் வடியக் குழாய் சொருகிய இடம். அதில் விரலை வைத்தார். "நடுவுல இது ஒண்ணுதான் இஸ்டேசன். தண்டையார்பேட்ட."

என் மகள் சிரித்துவிட்டாள். டாக்டரிடம் போனதிலிருந்து அவள் சிரிக்கவில்லை. என் கணவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான். டாக்டர் சொன்னது எங்களுக்குப் புரிந்திருந்தது. ஆனால் நம்பியது அந்த முதுகைப் பார்த்துத்தான்.

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துவிட்டாள் என்று நாங்கள் நினைத்த நேரத்தில் புதுக் கவலை வந்தது. அவள் இருமமாட்டேன் என்றாள். சளி உள்ளே தங்கினால் நுரையீரல் கெடும், இருமத்தான் வேண்டும் என்று டாக்டரும் நர்ஸும் சொன்னார்கள். விலாவைப் பிளந்து தைத்த வலியில் குழந்தை மூச்சுகூட முழுதாக விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். காய்ச்சல் ஏறியது. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததே தவிர, வாய் திறக்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தார். கையிடுக்கில் ஒரு தலையணை. பழைய புடவையில் இலவம்பஞ்சு அடைத்து அவர் மனைவி தைத்தது. அவருடைய ஆபரேஷனின்போது தைத்தது. அதை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு எதிரே நின்று, தானே இருமினார். வார்டே திரும்பிப் பார்த்தது. மறுபடி இருமினார்.

"இத்தப் புடி பாப்பா. தையல் இருக்கிற எடத்துல அமுக்கிக்கோ. இப்ப இருமு. அவுந்துடாது. உங்கம்மா தெச்சாத்தான் அவுரும், இது டாக்டரு தெச்சது."

அவள் தலையணையை வாங்கிக்கொண்டாள். ஆனால் இருமவில்லை.

"வலிக்குதா?"

"ம்."

"வலிக்கட்டும். எனக்கும் வலிச்சுது, அம்மானு கத்துனேன். பொணத்துக்குத்தான் வலிக்காது. பொணம் இருமாது பாப்பா. நீ இருமு."

அவள் இருமினாள். அடுத்த கட்டிலில் இருந்த கிழவியும் துணைக்கு இருமினாள். அவரும் இருமினார். வார்டு நர்ஸ் வந்து, "இது என்ன கச்சேரி?" என்றாள். அன்று சாயங்காலம் சரசுவுக்குச் சளி வெளியே வந்தது. இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. சரசு இடது கையை மார்போடு மடக்கியே வைத்திருந்தாள், தூக்கினால் தையல் இழுக்கும் என்று. அவர் அடுப்புக் கரியை எடுத்து எங்கள் கூடத்துச் சுவரில் கோடு போட்டார். "இங்கேர்ந்து எறும்பு ஏறுதாம். வெரல எறும்பு மாதிரி மேல கொண்டுபோ பாக்கலாம்." ஒவ்வொரு முறை வரும்போதும் கோடு கொஞ்சம் மேலே போகும். கை தலைக்கு மேல் போன அன்று, முக்காலி போட்டு ஏறி, அவள் எட்டவே முடியாத உயரத்தில் ஒரு கோடு போட்டார். "இது கல்யாணத்துக்கு அப்பால" என்றார்.

சமையல் கட்டுக்கும் அவர் பார்வை வந்தது. உப்பு குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பில் நீர் தங்கும். உப்பில்லாத சோற்றை அவள் தள்ளிவைத்தாள். அவர் எலுமிச்சம்பழமும் மிளகும் வாங்கி வந்து கொடுத்து, "கருவாட்டுக் கட பக்கம் மூக்கக்கூடக் காட்டாத" என்றார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். வாழைப்பழம் ஆகாது, சளி கட்டும் என்றார். டாக்டரிடம் கேட்டேன், தாராளமாகக் கொடுங்கள் என்று சிரித்தார். அதை அவரிடம் சொன்னபோது, "அப்படியா? இத்தினி நாளா நான் துன்னாம உட்டுட்டனே" என்று உடனே தெருமுனைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கி வந்தார்.

வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: "எத்தினி தலகாணி?" ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்பது அதன் அர்த்தம். நெஞ்சு பலவீனமானால் தட்டையாகப் படுக்க முடியாது, மூச்சு முட்டும். தலையை உயர்த்தி உயர்த்தி வைத்துக்கொள்ளத் தோன்றும். "சௌக்கியமா"வுக்குப் பதில் அவர் இதைத்தான் கேட்பார். ஒன்று என்று சரசு சொன்னால், "ராணி" என்பார்.

மாத்திரைக்கும் அவர்தான் வழி சொன்னார். ஒன்று நெஞ்சுத் துடிப்பை நிதானமாக வைத்திருப்பது. இன்னொன்று பென்சிலின், அந்தப் பழைய காய்ச்சல் திரும்ப வராமல் காப்பது. ஆபரேஷன் ஆனாலும் இரண்டையும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நாங்கள் அடிக்கடி நேரத்தை மறந்தோம். "கடியாரத்த நம்பாத டீச்சரம்மா. சங்கு ஊதுச்சா, மாத்தர. நமக்கு ஊதறதுக்குள்ள நாம முழுங்கிடணும்" என்று சிரிப்பார். ஐந்து மணிச் சங்கு ஊதும்போது அவர் எங்கள் வீட்டில் இருந்தால், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றாக வாயில் போட்டு, ஒன்றாகத் தண்ணீர் குடிப்பார்கள். யார் முதலில் சொம்பைக் கீழே வைப்பது என்று அதில் ஒரு போட்டி.

துறைமுகத்து வேலைக்கு அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஒரு சிநேகிதரின் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தார். யார் வீட்டிலாவது நெஞ்சு நோய் என்று காதில் விழுந்தால் கடையை விட்டுப் போய்விடுவார். வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் வீட்டுக்கு, திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனித் தொழிலாளி வீட்டுக்கு. வாசலில் நின்று பெயர் சொல்வதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். அவர் காட்டிய முதுகைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பிழைக்காதவர்களும் உண்டு. அப்படி ஒரு செய்தி வந்தால் பல நாள் கண்ணில் படமாட்டார். திரும்பி வரும்போது முகம் வெளிறிக் கிடக்கும். சரசுவைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லி, பார்த்துக்கொண்டே நிற்பார். எங்களுக்கு அவர் எப்படியோ, அப்படித்தான் அவருக்குச் சரசு என்று அப்போது தோன்றும்.

இனி காசிமேட்டுக்கு வருகிறேன்.

கட்டுமரத்தில் போகிற ஒருவரின் மனைவி. இளம் பெண், இரண்டு குழந்தைகள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டுக்காரர் மறுத்துக்கொண்டிருந்தார். "நீயும் வா டீச்சரம்மா, பொம்பள சொன்னா அந்தப் பொண்ணு தெகிரியமாவும்" என்று அவர் அழைத்ததால் நானும் போயிருந்தேன். சட்டையைக் கழற்றினார். ரெயில் ரோடு கதையைச் சொன்னார். மீனவர் அந்தத் தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டிப் பார்த்தார். "திங்கக்கெழம இட்டுகினு போலாமா?" என்று மனைவியைக் கேட்கவும் கேட்டார். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்போதுதான் சங்கு ஊதியது.

"இன்னாது அது?" என்றார் மீனவர், அவர் சொம்பைக் கீழே வைத்ததும்.

"மாத்தர."

"உனுக்குத்தான் ஆபரேசன் ஆயிடுச்சே?"

"ஆயிடுச்சி."

"அப்பால இன்னாத்துக்கு மாத்தர?"

நான் குறுக்கிட்டு, என் மகளும் சாப்பிடுகிறாள், டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும் என்றேன். மீனவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாத்திரை போட்டவரே பதில் சொன்னார். புரியும்படி சொல்ல வேண்டும் என்று அவர்கள் தொழிலையே எடுத்துச் சொன்னார்.

"கட்டுமரத்தக் கயிறு போட்டுக் கட்டுற. கட்டுனப்பால கயித்த அவுத்துடுவியா மாமு? அந்த மாதிரிதான் இது."

மீனவர் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவுப்போம். கரைக்கு வந்தா அவுத்து, மரத்தத் தனித்தனியா காயப் போடுவோம். எந்தக் குப்பத்துல வேணா கேட்டுக்கோ. கயிறு கடல்ல கீறவனுக்கு. கரையேறுனவனுக்குக் கயிறு இன்னாத்துக்கு?" பிறகு, கோபம் இல்லாமல்தான் சொன்னார்: "நீ இன்னும் கரையேறல தம்பி. ஏறிட்டனு சொல்லிகினு கீற."

துறைமுகத்திலேயே வாழ்ந்தவர், கட்டுமரத்தைத் தினம் தூரத்திலிருந்து பார்த்தவர். கரைக்கு வந்தால் கட்டவிழ்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் மாறிப் போயிருந்தன.

திங்கட்கிழமை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அந்தப் பெண் இறந்துபோனாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அவரும் போனார் என்றும், கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினார் என்றும் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சங்கு ஊதினால் சரசு மட்டும்தான் மாத்திரை போட்டாள். "நீங்க மாமா?" என்றால், "வூட்லயே போட்டுகினு வந்தேன், நீ போடு" என்பார். அவள் விழுங்கித் தண்ணீர் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று வீட்டிலேயே சாப்பிடுகிறார் என்று நினைத்தோம். அது நியாயமாகவும் தோன்றியது.

அடுத்த ஆடியில் அவர் தெரு அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார். ஆபரேஷனுக்கு முன் வேண்டிக்கொண்டதாம். மேல்சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, வேப்பிலையோடு அவர் எங்கள் தெருவழியே வந்தபோது, மஞ்சளுக்கு நடுவே அந்தத் தழும்பு மட்டும் வெளுத்துத் தெரிந்தது. "நெஞ்ச அறுத்துத் தெச்சவன் சட்டி எடுக்கறான் பாரு" என்று ஜனங்கள் கை கூப்பினார்கள். எங்கள் வாசலில் நின்று சரசுவுக்குத் திருநீறு இட்டார்.

மார்கழியில் கடைசியாக வந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நீ கீழ எறங்கி வா, எனக்கு வேல கீது" என்று கூப்பிட்டார். அவள் இறங்கிப் போனாள். "எத்தினி தலகாணி?" என்றார். "ஒண்ணு" என்றாள். "ராணி" என்றார். அவள் சும்மா விடாமல், "உங்களுக்கு?" என்று கேட்டாள். "எனக்கு இன்னாத்துக்குத் தலகாணி? நான் கரையேறுனவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில், சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று செய்தி வந்தது.

என் மகள் அழவில்லை. அன்று சங்கு ஊதியது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"மாமா போட்டாரே. என்ன ஆச்சு?" என்றாள்.

"அது வேற, நீ வேற."

"அவருக்கு என்ன பண்ணாங்களோ அதைத்தான் எனக்கும் பண்ணாங்க. அதே டாக்டர். அதே மாத்திரை. எனக்கும் அப்படித்தான் ஆகும். எதுக்கும்மா தினம் முழுங்கணும்?"

எனக்கே அந்தப் பயம்தான். அவர் முதுகை நம்பித்தானே அவளை மேஜையில் கிடத்தச் சம்மதித்தோம். அந்த முதுகே போய்விட்டது. அவள் அப்பா அடிக்கக் கை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையால் தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாலில் கரைத்துக் கொடுத்தேன்; கண்டுபிடித்துத் துப்பினாள். டாக்டரிடம் ஓடினேன். விட்டால் ஆபத்து என்றார். அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன் என்றார். அவள் வர மறுத்தாள். மறுநாளும் சங்கு ஊதியது. அதற்கு மறுநாளும் ஊதியது. இன்றும் எந்த நேரத்துச் சங்கு கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

அப்படி ஒரு சாயங்காலம், சங்குக்குச் சற்று முன்னால், யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் மனைவி நின்றிருந்தாள். கருமாதிகூட ஆகவில்லை. புருஷனை இழந்தவள் அதற்குள் வாசல் தாண்டக்கூடாது, பிறர் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் தெருவின் கட்டு. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்திருந்தாள். கையிடுக்கில் அந்தப் பழைய புடவைத் தலையணை.

"உள்ள வாம்மா" என்றேன்.

"வரக்கூடாது டீச்சரம்மா. பாப்பா மாத்தர போட மாட்டேங்குதாமே. சைக்கிள் கடையில சொன்னாங்கோ. அத்தக் கூப்டு."

சரசு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். வந்தவள் படிக்கு அந்தப் பக்கமே நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இத்த யாராண்டயும் சொல்லல. எம் மாமியாராண்டகூடச் சொல்லல. சொன்னா எங்க வூட்டுக்காரருக்கு மானம் போயிடும். காசிமேட்டுக்காரன் ஒரு வார்த்த சொன்னான் பாரு, கரையேறலனு. அன்னிலேர்ந்து அதுக்குத் தூக்கமே இல்ல. நான் கரையேறிட்டேன்னு காட்டுனாத்தான் நாலு பேரு ஆஸ்பத்திரிக்குப் போவான்னு சொல்லிகினே இருந்துச்சு. தீச்சட்டி எடுத்துட்டு வந்துச்சா, அன்னிக்கே மாத்தரய எடுத்துப் பரண் மேல போட்டுடுச்சி. நான் கால்ல வுழுந்தேன். கேக்கல. கடைசியில படுக்கவே இல்ல பாப்பா, இந்தத் தலகாணியையும் சேத்து அடுக்கி வெச்சுகினு குந்திகினே தூங்கும். கேட்டா புழுக்கம்னு சொல்லும்."

சங்கு ஊதியது.

தலையணையைப் படியில் வைத்தாள். "அது மாத்தர போட்டு சாவல. நிறுத்தித்தான் செத்துச்சு. நீ போடு. முழுங்குறத நான் பாத்துட்டுப் போறேன்."